பத்தாம் தேதி வட்டி

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சிவகாசி. வெள்ளையடிக்கிறதுக்காகப் பரண்ல கிடந்த டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னாங்க அம்மா. சென்னையில பொட்டி தட்டுறவனுக்கு ஊர்லயும் பொட்டி தூக்குற வேலைதான். திறந்தா பழைய ரேஷன் கார்டு, என் ஏழாம் வகுப்பு ரேங்க் கார்டு (அதைப் பத்தி இன்னொரு நாள் பேசலாம்), அதுக்கடியில ஒரு நீல அட்டை போட்ட பாஸ்புக்.

"அதைத் தூரப் போடுய்யா. ஏமாத்துக்காரப் பயலுக"ன்னாங்க அம்மா.

நான் போடலை. எடுத்துக்கிட்டு வந்துட்டேன். இந்தப் பதிவு அந்தப் பாஸ்புக்கைப் பத்தினது. கொசுவர்த்திச் சுருளைச் சுத்த விட்டுக்குங்க.

2009. நான் ஏழாவது படிக்கிறேன். அம்மா முதல்ல தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பார்த்து, அப்புறம் பட்டாசு ஆலைக்கு மாறியிருந்தாங்க. எங்க பக்கம் இந்த வேலையில மாசச் சம்பளம்னு ஒண்ணு பெரும்பாலும் கிடையாது. எத்தனை உருப்படி செஞ்சீங்களோ அத்தனைக்குக் கூலி. சனிக்கிழமை சாயங்காலம் கையில வரும். மழை பெஞ்சா வேலை இல்லை, கூலியும் இல்லை. அப்பா சம்பளம் சாப்பாட்டுக்கு. அம்மா சம்பளத்துல இருந்து வாரம் 400 ரூபா, வாடகைக்கும் எங்க ஸ்கூல் பீஸுக்கும்னு தனியா.

அந்த 400 போற இடம் பக்கத்துல இருந்த ஒரு கூட்டுறவு வங்கி. போர்டுல வங்கின்னு எழுதியிருந்தாலும் அம்மாவுக்கு அது 'சங்கம்'தான். ஞாயித்துக்கிழமை ராத்திரி நான் சலான் எழுதி வெச்சிருவேன். திங்கக்கிழமை காலையில ஆச்சி போய்க் கட்டிட்டு வருவாங்க. மாசக் கடைசியில 1600 எடுத்து வாடகை, கடை பாக்கி, பீஸ். கணக்குல எப்பவும் ஒரு ஆயிரம் ரூபா மட்டும் தூங்கிக்கிட்டு இருக்கும்.

செப்டம்பர் 30-ல அரை வருஷ வட்டி வரவு வெச்சிருந்தாங்க. 18 ரூபா.

அம்மா பத்தாவது முடிக்காதவங்க. ஆனா கூலிக் கணக்குல யாரும் அவங்களை அசைக்க முடியாது. "இது ஆயிரத்துக்கு வந்த வட்டிய்யா. நான் வாரா வாரம் போட்ட பணத்துக்கு வட்டி எங்க?"ன்னாங்க. ஒரு நாள் கூலியை விட்டுட்டு என்னையும் கூட்டிக்கிட்டு சங்கத்துக்குப் போனாங்க. கவுண்டர்ல இருந்தவர் லெட்ஜரைப் புரட்டிப் பார்த்துட்டுச் சொன்ன பதில் இவ்வளவுதான்: "கணக்கு அப்படித்தாம்மா வரும்."

அடுத்த வாரமே அம்மா கணக்கை முடிச்சுட்டாங்க.

இப்ப, பதினஞ்சு வருஷத்துக்கும் மேல ஆனப்புறம், ஆணி இல்லாத ஒரு சனிக்கிழமை அந்தப் பாஸ்புக்கை வெச்சுக்கிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கவுண்டர்காரர் பொய் சொல்லலை. அம்மா சொன்னதும் தப்பில்லை. ரெண்டு பேரும் சரியா இருந்தும் ஒருத்தருக்குப் பணம் குறைஞ்சா, விதியிலதான் ஏதோ இருக்கணும்னு தோணுச்சு. தேட ஆரம்பிச்சேன். எங்கெங்கயோ போயிருச்சு.

முதல்ல நம்ம ஊரு. வட்டின்னா எங்க பக்கம் வருஷக் கணக்கு கிடையாது, மாசக் கணக்கு. 'ரெண்டு வட்டி'ன்னா நூறு ரூபாய்க்கு மாசம் ரெண்டு ரூபா, அதாவது வருஷத்துக்கு 24 சதவீதம். இது நியாயமான வட்டின்னு சொல்றவங்க இருக்காங்க! இதுக்கு மேல கந்து வட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, மணி நேர வட்டின்னு வகை வகையா. 2003-ல தமிழ்நாடு அரசு கொண்டு வந்த அதீத வட்டித் தடைச் சட்டத்துல இந்தப் பேரெல்லாம் வரிசையா இருக்கு. ஒண்ணு கவனிங்க. கடன் குடுக்குறவன் நாளைக் கணக்கு வெப்பான், மணியைக் கூடக் கணக்கு வெப்பான். அவனுக்கு ஒரு நாள் கூட விட்டுப் போகாது.

இதுக்கு நேரெதிரா இன்னொரு பழக்கமும் இதே மண்ணுல இருந்துச்சு. மகமை. விருதுநகர் அப்ப விருதுபட்டி. அங்க நாடார் வியாபாரிங்க ஒவ்வொரு வியாபாரத்துலயும் ஒரு சின்னப் பங்கை உறவின்முறையோட பொது நிதிக்கு எடுத்து வெச்சாங்க. வீட்டுல பொம்பளைங்க உலை வெக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியா எடுத்து வெச்சாங்க, அது பிடி அரிசி. இந்த மாதிரிச் சேர்ந்த காசுலயும் அரிசியிலயும்தான் 1889-ல க்ஷத்ரிய வித்யாசாலா பள்ளிக்கூடம் வந்துச்சு. காமராஜர் படிச்ச பள்ளிக்கூடம் அது. 1921-ல தூத்துக்குடியில தொடங்கி, பின்னாடி தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியா ஆன நாடார் வங்கிக்குப் பின்னாலயும் இதே சேர்ந்து நிக்கிற பழக்கம் இருக்கு.

மகமைக்கு வட்டி கிடையாது, குடுத்த காசு திரும்ப வராது, பள்ளிக்கூடமாத்தான் வரும். ஆனாலும் எங்க அம்மாவோட 400 ரூபாயும் அந்தப் பிடி அரிசியும் ஒரே ஜாதிப் பணம். தினம் கொஞ்சம், வாரம் கொஞ்சம்னு வர்ற பணம். இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

இந்தச் சின்னப் பணத்தை ஒண்ணு சேர்த்து, சேர்த்தவங்களுக்கே கடன் குடுத்து, அந்தக் கடன் வட்டியில இருந்து சேமிச்சவங்களுக்கு வட்டி குடுக்கலாம்கிற யோசனை ஜெர்மனியில இருந்து வந்தது. 1860-கள்ல ரைஃபைசன்னு ஒருத்தர், ஊர்த் தலைவரா இருந்தவர், கடன்ல மூழ்கின விவசாயிகளை வெச்சு ஆரம்பிச்சார். இங்க அதைக் கொண்டு வந்தது சென்னை மாகாண அதிகாரி ஃபிரெடரிக் நிக்கல்சன். விவசாயிகளுக்கு வங்கி வெக்க முடியுமான்னு பார்த்து எழுதச் சொன்னா, மனுஷன் 1895-ல ஒண்ணு, 1897-ல ஒண்ணுன்னு ரெண்டு பாகமா அறிக்கை எழுதினார். நம்ம ஊர் நிதிகளையும் விடாம அலசியிருக்கார். சாரம்: நமக்கும் ஒரு ரைஃபைசன் வேணும்.

1904 மார்ச்சுல கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டம் வந்துச்சு. அதே வருஷம் திருவள்ளூர் பக்கத்துல திரூர்ல விவசாயக் கடன் சங்கம், அக்டோபர்ல காஞ்சிபுரத்துல நகரச் சங்கம். ரெண்டுமே முன்னோடிகள்.

தமிழ்ல இதுக்கு வெச்ச பேர்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஐக்கிய நாணயச் சங்கம். பின்னாடி கூட்டுறவு நாணயச் சங்கம். நாணயம்னா காசு. நாணயம்னா நேர்மையும்தான். "அவரு நாணயமான ஆளு"ன்னா பணக்காரர்னு யாரும் அர்த்தம் எடுத்துக்க மாட்டாங்க. எந்த மகராசன் வெச்ச பேரோ, ரெண்டு அர்த்தத்தையும் ஒரே போர்டுல எழுதிட்டார்.

சரி, வட்டிக்கு வருவோம். இந்தச் சங்கங்கள்லயும் வங்கிகள்லயும் கணக்கெழுதினது மனுஷங்க. தடி லெட்ஜர், மை, கூட்டல். சேமிப்புக் கணக்குல பணம் தினமும் ஏறி இறங்கும். ஒவ்வொரு கணக்குக்கும் 365 நாள் இருப்பையும் கூட்டி வட்டி போடணும்னா குமாஸ்தா அரை வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கே போக முடியாது. அதனால ஒரு குறுக்கு வழி. மாசத்துக்கு ஒரே ஒரு எண்ணை எடு. எந்த எண்? 10-ம் தேதி முடிவுல இருந்து மாசக் கடைசி வரைக்கும் இருந்ததுல எது குறைஞ்ச இருப்போ அது. அரை வருஷத்துக்கு ஆறு எண். கூட்டு, வட்டி விகிதத்தால பெருக்கு, 1200-ஆல வகு. முடிஞ்சது வேலை.

புரோகிராம் எழுதுறவனாச் சொல்றேன், இது அருமையான குறுக்கு வழி. கால்குலேட்டர் இல்லாத காலத்துல இதை யோசிச்சவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா ஒவ்வொரு குறுக்கு வழியும் யாரோ ஒருத்தரோட தோட்டத்துக்குள்ள புகுந்துதான் போகும். இது யார் தோட்டம்னு பாருங்க.

2009 ஜூலை மாசத்தை எடுத்துக்கறேன். திங்கக்கிழமைகள் 6, 13, 20, 27. வட்டி அன்னைக்கு வங்கிகள்ல இருந்த 3.5 சதவீதம்.

1 முதல் 5 வரைக்கும் இருப்பு 1000, அஞ்சு நாள்.
6 முதல் 12 வரைக்கும் 1400, ஏழு நாள்.
13 முதல் 19 வரைக்கும் 1800, ஏழு நாள்.
20 முதல் 26 வரைக்கும் 2200, ஏழு நாள்.
27 முதல் 29 வரைக்கும் 2600, மூணு நாள்.
30-ம் தேதி 1600 எடுத்தாச்சு. 30, 31 ரெண்டு நாளும் 1000.

நாளையும் இருப்பையும் பெருக்கிக் கூட்டினா 52,600. இதை 3.5-ஆல பெருக்கி 36,500-ஆல வகுத்தா 5 ரூபா 4 காசு. நாள் கணக்குப்படி அம்மாவுக்கு வந்திருக்க வேண்டிய வட்டி இது.

பத்தாம் தேதி விதிப்படி? 10-க்கு அப்புறம் குறைஞ்ச இருப்பு கடைசி ரெண்டு நாள் இருந்த 1000. அதுக்கு வட்டி 2 ரூபா 92 காசு. நாலு திங்கக்கிழமை ஆச்சி வெயில்ல நடந்து போய்க் கட்டின 1600-க்கும் வட்டி பூஜ்யம். ஆறு மாசத்துக்கு 17 ரூபா 50 காசு, முழு ரூபாயாக்கினா 18. பாஸ்புக்ல இருந்த அதே 18. எல்லா மாசமும் ஜூலை மாதிரியேன்னு வெச்சுக்கிட்டா, நாள் கணக்குல 30 ரூபா வந்திருக்கும். போர்டுல 3.5 சதவீதம்னு இருந்தது, அம்மாவுக்குக் கிடைச்சது ரெண்டு சதவீதத்துக்குச் சொச்சம் மேல.

"ஆயிரத்துக்கு வந்த வட்டிய்யா"ன்னு அவங்க சொன்னாங்களே, பைசா சுத்தமா சரி.

இப்ப இதே விதியில மாசச் சம்பளக்காரரை வெச்சுப் பாருங்க. ஒண்ணாம் தேதி சம்பளம். ஒன்பதாம் தேதி 2000 போட்டு, தொடாம விடுறார். அவருக்கு மாசம் முழுசுக்கும் வட்டி, போடாத எட்டு நாளுக்கும் சேர்த்து! சம்பளத்துல பிடிச்சுச் சேமிக்கிற பணியாளர் சங்கங்களுக்கும் இந்த மாதிரி மாச இருப்புக் கணக்கு கச்சிதமாப் பொருந்தும். விதி எழுதினவங்க மனசுல யார் இருந்தாங்கன்னு எனக்குத் தெரியாது. விதி யாருக்குப் பொருந்துதுன்னு தெரியும். மாசச் சம்பளக்காரருக்கு. வாரக்கூலிக்காரங்களுக்கு இல்லை. பிடி அரிசிப் பணத்துக்கு அதுல இடம் இல்லை.

யாரும் திருடலை. 12 ரூபாய்தானேன்னு கேப்பீங்க. 2009-ல 12 ரூபா ரெண்டு டீயோட கொஞ்சம் மிச்சம். ஆனா சிக்கல் 12 ரூபா இல்லை, அதை அப்புறம் சொல்றேன்.

வெளியூர்ல எப்படின்னு தேடினப்ப ஒரு சுவாரசியம் கிடைச்சது. 1907-ல பாஸ்டன்ல பெரிய கடை வெச்சிருந்த எட்வர்ட் ஃபைலீன் இந்தியாவுக்கு வந்தார். வங்காளத்துக் கிராமங்கள்ல கூட்டுறவுக் கடன் சங்கங்களைப் பார்த்து அசந்து போனார். 1909-ல மாசசூசெட்ஸ் மாநிலம் கிரெடிட் யூனியன் சட்டம் கொண்டு வந்தப்ப அவர் அதுக்குப் பின்னால நின்னவர்ல ஒருத்தர். அமெரிக்காவுல இன்னைக்குத் தெருவுக்குத் தெரு இருக்கிற கிரெடிட் யூனியன்னா, நம்ம நாணயச் சங்கத்தோட ஒண்ணுவிட்ட தம்பின்னு வெச்சுக்கலாம். அங்க சேமிப்புக்கு வர்றதை வட்டின்னு கூட பல இடத்துல சொல்றதில்லை, ஈவுத்தொகைம்பாங்க. உறுப்பினர்தானே முதலாளி!

அந்தத் தம்பி ஊர்லயும் குறைஞ்ச இருப்புக்கு மட்டும் வட்டி போடுற வழக்கம் இருந்துச்சு. 1991-ல சேமிப்புல உண்மை சொல்லணும்னே ஒரு சட்டம் போட்டாங்க. அதன்படி வட்டியை ஒவ்வொரு நாளும் இருக்கிற முழு இருப்புக்கோ, தினசரி இருப்போட சராசரிக்கோதான் போடணும். குறைஞ்ச இருப்பு முறை செல்லாது. எப்படிக் கணக்குப் போடுறோம்னு வாடிக்கையாளருக்குச் சொல்லவும் செய்யணும். கிரெடிட் யூனியன்களுக்கும் இதே விதி.

இந்தியாவுல இதுக்கு 2009 வரைக்கும் ஆச்சு. அந்த ஏப்ரல்ல ரிசர்வ் வங்கி அறிவிச்சது: 2010 ஏப்ரல் 1-ல இருந்து சேமிப்புக் கணக்குக்கு தினசரி இருப்புப்படி வட்டி. கூட்டுறவு வங்கிகளுக்கும் சேர்த்துத்தான். கம்ப்யூட்டர் வந்தாச்சு, இனிமே குமாஸ்தா வீட்டுக்குப் போகலாம். 2011 மே மாசம் வட்டியை 4 சதவீதம் ஆக்கினாங்க. அதே வருஷம் அக்டோபர்ல, வட்டி எவ்வளவுன்னு வங்கிகளே முடிவு பண்ணிக்கலாம்னு விட்டுட்டாங்க.

ஒவ்வொரு நாள் இருப்பையும் கூட்டி வகுக்க எனக்கு நாலு வரி புரோகிராம் போதுமா இருந்துச்சு. அந்த நாலு வரிக்குத்தான் வாரக்கூலிக்காரங்க அத்தனை வருஷம் காத்துக்கிட்டு இருந்தாங்க.

அம்மா கணக்கை முடிச்சது 2009 அக்டோபர். இன்னும் ஆறு மாசம் பொறுத்திருந்தா அவங்க கேட்ட கேள்விக்கான பதில் தானா வந்திருக்கும்.

பொறுக்கலை. 2010 ஆரம்பத்துல தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட தீபாவளிச் சீட்டு சேர்ந்தாங்க. வாரம் 200. அவர் வீட்டு வாசலுக்கே வந்து வாங்கிக்குவார். அம்மா கண்ணு முன்னாலயே நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போடுவார். "இவரு கணக்கு எனக்குப் புரியுதுய்யா"ன்னு அம்மா சொன்னது இன்னும் காதுல இருக்கு. தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடி அவர் வீடு பூட்டிக் கிடந்துச்சு. போனது எங்க வீட்டுப் பணம் மட்டும் எட்டாயிரத்துக்குப் பக்கம். தெருவுல இன்னும் எத்தனையோ வீடு. அந்த வருஷம் எனக்குப் புதுச்சட்டை இல்லைங்கிறது பெரிய விஷயம் இல்லை. பட்டாசு ஆலையில வேலை பார்க்கிற அம்மா தீபாவளியன்னைக்கு வாசல்ல வந்து நிக்கவே இல்லை. அது மறக்கலை.

அந்த 12 ரூபாயோட விலை இதுதான். விளங்காத சரியான கணக்கை விட்டுட்டு, விளங்குற தப்பான கணக்குக்குப் போனாங்க. நாணயச் சங்கத்துல காசுங்கிற நாணயம் பத்திரமாத்தான் இருந்துச்சு. இன்னொரு நாணயத்துக்கு, பத்து நிமிஷம் உக்கார வெச்சு விளக்கம் சொல்லியிருக்கணும்.

இன்னைக்கு நிலைமை என்ன? வங்கிகள்ல நாள் கணக்குதான். ஆனா அஞ்சலக சேமிப்புக் கணக்குல இப்பவும் 10-ம் தேதிக்கும் மாசக் கடைசிக்கும் நடுவுல இருக்கிற குறைஞ்ச இருப்புக்குத்தான் வட்டி. அங்க கணக்கு வெச்சிருக்கிற பெரியவங்க உங்க வீட்டுல இருந்தா, பணத்தைப் பத்துக்குள்ள போடுங்க, எடுக்கிறதை முடிஞ்சா அடுத்த மாசம் ஒண்ணாம் தேதிக்குத் தள்ளுங்கன்னு சொல்லிக் குடுங்க. கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை இணைச்சுக் கம்ப்யூட்டர்மயமாக்க 2022 ஜூன்ல மத்திய அமைச்சரவை 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் குடுத்துச்சு, நாடு முழுக்க 63,000 சங்கம். கணக்கு கம்ப்யூட்டருக்குப் போனா மட்டும் போதாது, அது எப்படி வந்துச்சுன்னு பாஸ்புக்லயும் ஒரு வரி வரணும்.

இன்னொண்ணு. கூட்டுறவு வங்கியில போட்ட பணத்துக்கு 5 லட்சம் வரைக்கும் டெபாசிட் இன்சூரன்ஸ் உண்டு (2020 பிப்ரவரிக்கு முன்னாடி 1 லட்சம்). தொடக்கக் கடன் சங்கங்களுக்கு அந்த இன்சூரன்ஸ் கிடையாது. போர்டுல வங்கியா சங்கமான்னு பார்த்துப் பணம் போடுங்க. எங்க அம்மா மாதிரி எல்லாத்தையும் 'சங்கம்'னு கூப்பிடலாம், தப்பில்லை, தெரிஞ்சு கூப்பிடுங்க.

கணக்கை ஒரு வெள்ளைத் தாள்ல எழுதி, அடுத்த தடவை ஊருக்குப் போனப்ப அம்மாகிட்ட காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு வரியா விரலை வெச்சுப் படிச்சாங்க. மனசுக்குள்ள பெருக்கிப் பார்த்தாங்க. ஒரு தப்பும் சொல்லலை, பாஸ் ஆயிட்டேன்.

"அப்ப அந்த ரெண்டு நாளு மட்டும் பொறுத்து, ஒண்ணாந்தேதி எடுத்திருந்தா?"

"பத்தாந்தேதி 1400 இருந்துச்சுல்லம்மா, அந்த 1400-க்கும் மாசம் முழுக்க வட்டி வந்திருக்கும்."

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

"இதை அன்னைக்கே ஒருத்தரு சொல்லியிருக்கலாம்லய்யா."

தாளை நாலா மடிச்சு அந்தப் பாஸ்புக்குக்குள்ள வெச்சு, பாஸ்புக்கைத் திரும்பவும் டிரங்குப் பெட்டிக்குள்ளயே வெச்சாங்க.

டிஸ்கி: உங்க ஊர்ப் பக்கம் சங்கத்துல எப்படி வட்டி போட்டாங்கன்னு பழைய பாஸ்புக் இருந்தா எடுத்துப் பாருங்க மக்களே. பின்னூட்டத்துல கணக்கு குடுத்தீங்கன்னா அந்த நாலு வரி புரோகிராம்ல ஓட்டிப் பார்த்துச் சொல்றேன். கூலி கேக்க மாட்டேன்.